சரியாத சரிவு

என் அக்காள் மகன் அடையாறில் இருக்கிறான். வருஷா வருஷம் ஏப்ரல் கடைசியில் இமயமலைக்குப் போய்வருகிற கூட்டத்தைச் சேர்ந்தவன். போன மே மாதம் திரும்பி வந்ததும் மயிலாப்பூரில் என் வீட்டுக்கு வந்தான். மூக்கும் கன்னமும் கருகித் தோல் உரிந்திருந்தது. தெப்பக்குளத்துப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தும் காற்றில்லாத மத்தியானம். மோரைக் குடித்துக்கொண்டே ஒரு சம்பவத்தைச் சொன்னான். அந்தச் சம்பவத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த ஒன்றும் நடக்காததைப் பற்றியது.

உத்தரகாசிக்கு மேலே ஒரு கணவாய். பதினாலு பேர், ஒரு கைடு, மூன்று சுமைகாரர்கள். விடியுமுன் நாலு மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டியது. யாருக்கோ வயிறு சரியில்லாமல் போய் ஏழரைக்குக் கிளம்பினார்கள். கணவாய்க்குக் கீழே கிழக்குப் பார்த்த ஒரு பெரிய பனிச்சரிவின் விளிம்பை அடைந்தபோது பதினோரு மணி. இரவு முழுவதும் மேகம் மூடியிருந்தது. கைடு காலை ஊன்றிப் பார்த்தார். முழங்கால் வரை உள்ளே போயிற்று. இன்றைக்கு வேண்டாம், கீழே இறங்கி நாளை நாலு மணிக்கு வரலாம் என்றார். நாளை என்றால் டேராடூனில் விமானம் தவறிவிடும். கூட்டம் பேசிற்று, வாதாடிற்று, கடைசியில் கை தூக்கி வாக்கெடுத்தது. கைடு ஒன்றும் பேசாமல் முன்னால் நடந்தார். கடந்துவிட்டார்கள்.

“அந்த ஆளு சும்மா பயமுறுத்தினார் மாமா. பதினாலு பேரும் நடந்து வந்தோம். ஒண்ணும் ஆகலை.”

“ஆகலைங்கிறதாலே அவர் சொன்னது தப்புங்கிறியா?”

“பின்னே?”

இந்தப் ‘பின்னே’க்கு உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லப்போனால் நாம் எல்லோரும் வாழ்க்கை முழுவதும் இந்தப் ‘பின்னே’யின் மேல்தான் நடந்து கொண்டிருக்கிறோம்.

பனியைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. சென்னைக்காரனுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் கோலத்தின் மேல் இறங்குவது. தலைக்கு மப்ளர் கட்டிக்கொண்டு கச்சேரிக்குப் போவது. இந்த ஊருக்கு உறைந்த தண்ணீரோடு இருந்த சரித்திரத் தொடர்பே கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ்தான். அமெரிக்க ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டு வந்து, வெள்ளைக்காரர்களின் பானத்துக்காக 1842-இல் கட்டிய கிட்டங்கி அது. துளியாய் இறங்குவதற்கும், புகையாய் நிற்பதற்கும், மலையாய்க் குவிந்திருப்பதற்கும் நம் மொழி ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திருப்தியாக இருக்கிறது. ஆனால் ‘சரி’ என்ற சொல் வேறு மாதிரி. பிழையில்லாதது சரி, கீழே விழு என்று ஏவுவதும் சரி. மருமகன் கடந்தது சரியாத சரிவு. அது சரியாதது அவன் செய்ததைச் சரியாக்கி விட்டதா என்பதுதான் கேள்வி.

முதலில் ஸ்தூலமான விஷயத்தைப் பார்க்க வேண்டும். மலைமேல் கிடக்கும் பனி ஒரே பொருளல்ல. ஒவ்வொரு பொழிவும் ஒரு அடுக்கு. சில அடுக்குகள் கெட்டி. சில சர்க்கரை மாதிரி ஒட்டாதவை. ஒட்டாத அடுக்கின் மேல் கெட்டியான பாளம் உட்கார்ந்திருந்தால், மேலே ஒரு மனிதனின் எடை போதும், பாளம் விரிசல்விட்டு முழுசாய் நழுவும். முப்பது பாகையிலிருந்து நாற்பத்தைந்து பாகை வரை சாய்ந்த இடங்களில்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. அதாவது, மிகச் செங்குத்தாக இல்லாத, நடக்க முடியும் என்று நமக்குத் தோன்றுகிற சாய்வில். பொழுதுபோக்குக்காக மலைக்குப் போய்ச் சிக்கியவர்களின் விபத்துக்களை ஆராய்ந்தவர்கள் சொல்வது, பத்தில் ஒன்பதில் சரிவைக் கிளப்பியது சிக்கியவரோ அவரோடு வந்த ஒருவரோதான் என்று. மலை பெரும்பாலும் தானாக நம்மேல் விழுவதில்லை. நாம்தான் அதைத் தொடுகிறோம்.

வசந்தத்தில் இன்னொரு விதம் சேர்ந்துகொள்கிறது. பகலில் வெயிலில் உருகிய நீர் அடுக்குகளுக்குள் இறங்கிப் பிணைப்பைக் கரைக்கிறது. தெளிவான இரவில் பனி தன் வெப்பத்தை ஆகாயத்துக்குக் கொடுத்துவிட்டு மறுபடி இறுகுகிறது. விடியற்காலையில் அதன் மேல் ஒரு படையே நடக்கலாம். இரவு மேகம் மூடினால் போர்வை போர்த்திய மாதிரி, இறுகாது. சூரியன் முதலில் கிழக்குச் சரிவையும், பிறகு தெற்கையும், பிற்பகலில் மேற்கையும் இளக்குகிறான். அதனால்தான் இருட்டில் கிளம்பி உச்சி வேளைக்கு முன் ஆபத்தான சரிவுகளை விட்டு விலகிவிடு என்பது. கணுக்காலுக்கு மேல் கால் புதைந்தால், மேலிருந்து பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தால், திரும்பு என்று அர்த்தம். கடக்கத்தான் வேண்டுமென்றால் ஒவ்வொருவராகக் கட. மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். புதைந்தவனைப் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கிறான்; அரை மணி தாண்டினால் பிழைப்பவர்கள் சிறுபான்மை. ஆக, ஹெலிகாப்டர் அல்ல, பக்கத்தில் நிற்பவன் கையில் இருக்கும் மண்வாரிதான் உயிர்.

கைடு பார்த்தது இதைத்தான். மேகமூட்டமான இரவு, கிழக்குச் சரிவு, பதினோரு மணி, முழங்கால். நாலும் ஒரே பக்கம் காட்டின.

இப்போது மருமகனின் தர்க்கத்துக்கு வருகிறேன். அபாயம் என்றால் விபத்து நடக்க வேண்டும், நடக்கவில்லை, எனவே அபாயம் இல்லை. இதன் பிழை வெளிப்படையானது. பத்துத் தடவைக்கு ஒரு தடவை சரியும் சரிவு ஒன்பது தடவை சும்மா இருக்கும். அந்த ஒன்பது பேரும் தங்கள் புத்திசாலித்தனத்தால் தப்பித்ததாக நினைத்து வீடு திரும்புவார்கள். மற்றத் தொழில்களில் தப்புச் செய்தால் தப்பு நம்மிடம் வந்து சொல்லும். தச்சனுக்குக் கதவு மூடாது; சமையல்காரனுக்குச் சோறு குழையும். பனி மட்டும் தப்பாகச் செய்தவனுக்கும் சரியாகச் செய்தவனுக்கும் ஒரே மௌனத்தைக் கூலியாகத் தருகிறது. இப்படிப்பட்ட வாத்தியாரிடம் இருபது வருஷம் படித்தவனுக்கு வருவது அனுபவமா, அல்லது வெறும் தைரியமா?

1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரு தத்துவவாதிகள் ‘அறத்தில் அதிர்ஷ்டம்’ என்ற பொருளில் எதிரெதிராகக் கட்டுரைகள் எழுதினார்கள். நேகல் சொல்லும் உதாரணம் ஒரு லாரி ஓட்டி. பிரேக்கைச் சரிபார்க்காமல் விட்டவன். குறுக்கே ஒரு குழந்தை வந்தால் அவன் கொன்றவன் ஆகிறான். வராவிட்டால் வெறும் அசட்டை. அவன் செய்ததில் எள்ளளவும் வித்தியாசமில்லை. குழந்தை வந்ததும் வராததும் அவன் கையில் இல்லை. இருந்தும் நம் தீர்ப்பு வானத்துக்கும் பூமிக்குமாக மாறுகிறது. பாண்டி பஜாரில் தினமும் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேர் தங்களை இந்த லாரி ஓட்டியின் உறவினர்களாக நினைக்கிறார்கள்? தற்செயல் நமக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நாமும் அதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்கிறோம்.

இதன் மறுபக்கத்தை மறந்துவிட்டால் அநியாயம் ஆகிவிடும். விபத்து நடந்துவிட்டால் செத்தவன் முட்டாள் என்று சொல்லவும் அதே தர்க்கம்தான் நமக்குக் கை கொடுக்கிறது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு ஒன்று ‘திரௌபதி கா டண்டா’ சிகரத்தில் சரிவில் சிக்கியது. இருபத்தொன்பது உயிர்கள் போயின. அவர்களில் ஒருவர் சவிதா கன்ஸ்வால். அதே வருஷம் மே மாதத்தில் பதினாறு நாள் இடைவெளியில் எவரெஸ்டையும் மகாலுவையும் ஏறியவர். மருமகன் தப்பியதால் அவன் விவேகி ஆகவில்லை என்றால், அவர்கள் மாண்டதால் அவிவேகிகளும் ஆகவில்லை. முடிவைக் கொண்டு தீர்மானத்தை அளக்காதே என்பது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி.

பனி நமக்கு அன்னியம் என்று நினைத்துத் தப்பித்துக்கொள்ள வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நெருப்பு வந்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் போன இரு குழுவினர் கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது சிக்கினார்கள். இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள், அவர்களில் பெண்கள் பலர். அதற்கு முந்தைய மார்ச் மாதங்களிலும் அதே காய்ந்த புல்லின் நடுவே இறங்கி வந்து, மறுநாள் வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். புல் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே வெயில் பனியை இளக்குகிறது, இங்கே புல்லை உலர்த்துகிறது. ஏறக்குறைய ஒரே பருவம், ஒரே சூரியன். அந்த விபத்துக்குப் பிறகு அதே வருஷம் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. விதி அவசியந்தான். ஆனால் விதி எழுதப்படுவது எப்போதுமே நடந்துவிட்டதற்காக. நடக்காமல் போனதற்காக யாரும் விதி எழுதுவதில்லை.

இன்னொன்றும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. பெசன்ட் நகர் கடற்கரையில் வெள்ளையாய் ஒரு வளைவு. மாலையில் அதன் நிழலில் உட்கார்ந்து சுண்டல் தின்கிறவர்களில் பலருக்கு அது எதற்கென்று தெரியாது. 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கிய ஷ்மிட் என்ற அயல்நாட்டு மாலுமியின் நினைவுச்சின்னம். இறங்கினவர்களின் பெயர் அங்கே இல்லை. இறங்கினவர்களுக்காக இறங்கினவன் பெயர்தான் இருக்கிறது. ‘என் உயிர், என் இஷ்டம்’ என்ற வாதம் இந்தக் கல்லில் வந்து முட்டி நிற்கிறது. சரிவில் நான் புதைந்தால் என்னைத் தோண்டுகிறவன் அதே சரிவின் மேல்தான் நிற்பான். என் துணிச்சலுக்கு என் உயிரை மட்டும் பணயம் வைக்க முடிந்தால் விஷயம் சுலபம். அப்படி ஒரு பணயம் கிடையாது.

திருவள்ளுவர் மயிலாப்பூர்க்காரர் என்பது ஐதிகம். மலையேறியவரா தெரியாது. ஆனால் குறளில் நாலு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன: தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல். அரசனுக்குச் சொன்னது என்று உரைகாரர்கள் சொல்வார்கள். இந்த நாலையும் அந்தக் கைடின் கையில் கொடுத்தால் அவருக்கு விளக்கவுரை தேவைப்படாது. யோசி, உன் பலத்தையும் எதிரியின் பலத்தையும் எடைபோடு, எத்தனை மணி என்று பார், எங்கே நிற்கிறாய் என்று பார். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, வலிமை தனியாக நிற்கவில்லை என்பது. ஒரே காக்கை பகலில் ஒன்று, இரவில் வேறு. ஒரே சரிவும் விடியற்காலையில் ராஜபாட்டை. பதினோரு மணிக்குப் பொறி. முந்தா நாள் நடந்தவனின் காலடித் தடம் பனியின் மேல் தெளிவாகத் தெரியும், அவன் நடந்த மணி மட்டும் அதில் தெரியாது.

காலமும் இப்போது பழைய காலமாக இல்லை. பழைய உளவுச் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2019-இல் வெளிவந்தது: 2000-க்கு முந்தைய கால் நூற்றாண்டோடு ஒப்பிட்டால் அதற்குப் பிறகு இமயப் பனியாறுகள் இரு மடங்கு வேகத்தில் கரைகின்றன. அந்தக் கைடின் தகப்பனார் ‘இந்தத் தேதிவரை இந்த வழி போகலாம்’ என்று சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தத் தேதிக்கு இன்று உத்தரவாதமில்லை. பரம்பரை அறிவும் சந்தேகத்தோடு வந்தால்தான் அறிவு.

அந்த வாக்கெடுப்புக்குத் திரும்ப வருகிறேன். பதினாலு பேரில் எல்லோரும் மனசார கை தூக்கினார்களா என்று மருமகனைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “ஒரு பொண்ணு மட்டும் போக வேண்டாம்னு சொல்ல வாயெடுத்தா. எல்லாரும் பார்த்தோம். அப்புறம் அவளும் தூக்கிட்டா.” இயன் மெக்காமன் என்ற அமெரிக்கர் நூற்றுக்கணக்கான சரிவு விபத்துக்களைக் கிளறிப் பார்த்தவர். சிக்கியவர்களில் அபாயத்தைப் பற்றிப் படித்தவர்கள் பலர், அறிகுறிகள் கண்ணெதிரே இருந்தன, இருந்தும் போனார்கள். தெரிந்த இடம் என்ற நம்பிக்கை, எடுத்த காரியத்தை விடக்கூடாது என்ற பிடிவாதம், மற்றவர்கள் மெச்ச வேண்டும் என்ற ஆசை, தலைவனுக்குத் தெரியும் என்ற ஒப்படைப்பு, நமக்கு முன்னால் வேறு யாராவது போய்விடுவார்களோ என்ற அவசரம், மற்றவர்களும் போகிறார்களே என்ற தைரியம். இந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு மலை ஞாபகம் வரவில்லை. நம் இலக்கியக் கூட்டங்கள் ஞாபகம் வந்தன. ஒரு சாதாரணக் கவிதையை அசாதாரணம் என்று எட்டுப் பேர் சொல்லி முடித்ததும் ஒன்பதாவது ஆள் என்ன செய்கிறான்? வாயெடுக்கிறான், எல்லோரும் பார்க்கிறோம், அவனும் தலையாட்டுகிறான். அங்கே யாரும் சாவதில்லை என்பதால் நாம் அதைப் பழக்கமாகவே ஆக்கிவிட்டோம். மலையில் அந்தப் பழக்கம் நம்மோடு கூடவே ஏறுகிறது. பனியின் முன்னால் வாக்கெடுப்பு அபத்தம். பதினாலு கைகள் மேலே போனதால் ஒரு பாகைகூட அது குளிரவில்லை. ஒரே ஒருவருக்கு வேண்டாம் என்று பட்டாலும் கூட்டம் திரும்ப வேண்டும் என்பதுதான் அங்கே நாணயமான ஜனநாயகம்.

இதுவரை சொன்னது திரும்ப முடிந்தவர்களைப் பற்றி. திரும்ப முடியாதவர்களும் இருக்கிறார்கள். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் பத்தொன்பதாயிரத்து அறுநூறு அடி உயரத்துச் சோனம் காவல் நிலையின் மேல் பனிச்சுவர் சரிந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதைந்தார்கள். நாலு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். கர்நாடகத்து ஹனுமந்தப்பாவை ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்தார்கள். 11-ஆம் தேதி தில்லியில் இறந்தார். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்துக்கு அப்பால் மாணா கிராமத்தருகே சாலைத் தொழிலாளர்கள் ஐம்பத்து நாலு பேர் தங்கியிருந்த இடத்தைப் பனி மூடியது. எட்டுப் பேர் இறந்தார்கள். இவர்களில் யாரும் காலை ஊன்றிப் பார்த்துவிட்டு ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய இடத்தில் இல்லை. ஒருவருக்கு ஆணை, இன்னொருவருக்குக் கூலி. திரும்பி வருவது விவேகம் என்று புத்தகங்கள் சொல்கின்றன. அதற்கு முன்னால் அது ஒரு உரிமை என்பதைச் சொல்ல மறந்துவிடுகின்றன. மற்ற உரிமைகளைப் போல அதுவும் சமமாகப் பங்கிடப்படவில்லை.

அந்தக் கைடு எங்கே நின்றார்? சிப்பாய்க்கும் சுற்றுலாக்காரனுக்கும் நடுவில். வாயால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முடிந்தது. காலால் சொல்ல முடியவில்லை. பதினாலு பேர் முகம் சுளித்தால் அடுத்த கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட மாட்டார்கள். அவர் முன்னால் நடந்தார் என்று மருமகன் சொன்னபோது அது அவனுக்கு ‘அவரே ஒப்புக்கொண்டார்’ என்று அர்த்தமாயிற்று. எனக்கு வேறு மாதிரிப் பட்டது. அபாயம் உண்டு என்று அந்தக் கூட்டத்திலேயே நிச்சயமாக நம்பிய ஒருவர், அதனாலேயே, முதல் ஆளாகத் தன் எடையை அதன் மேல் வைத்தார்.

அப்படியானால் போகவே கூடாதா என்று கேட்கலாம். நான் அதைச் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் குளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற வாழ்க்கை அபாயமற்றது என்றோ உயர்ந்தது என்றோ எனக்குப் பிரமை இல்லை. ஷ்மிட் அலையைக் கணக்குப் போட்டுக்கொண்டு கரையில் நின்றிருந்தால் அந்தக் கல் இல்லை. நமக்கு ஒரு நல்ல மனிதனும் இல்லை. ஆனால் அவர் இறங்கியது பிறர் உயிருக்காக. விமானம் தவறிவிடும் என்பதற்காக அல்ல. எதற்காக என்பதுதான் பணயத்துக்கு எடை கொடுக்கிறது. நான் கேட்பது இவ்வளவுதான்: ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்த பிறகும் ஒருவன் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். அன்று சரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ அதையே சரியாதபோதும் சொல்ல வேண்டும். அதிர்ஷ்டத்தைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன இருக்கிறதோ அதுதான் என் செய்கை. அப்படிக் கழித்துப் பார்க்கிறவன் அதிர்ஷ்டம் கெட்டவனைப் பார்த்து முட்டாள் என்று சொல்ல மாட்டான் என்பது இதில் கிடைக்கும் கூடுதல் லாபம்.

மருமகனுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த தடவை என் வீட்டுக்கு வரமாட்டான். ஒன்று மட்டும் கேட்டேன்.

“அடுத்த வருஷம் போனால் முதல் நாளே கைடுகிட்டே, ‘நீங்க வேண்டாம்னு சொன்னா நாங்க ஒரு வார்த்தை பேசாம திரும்புவோம், உங்க கூலி குறையாது’ன்னு எல்லார் முன்னாலும் சொல்லுவியா?”

“நான் ஒருத்தன் சொல்லி என்ன மாமா ஆகப் போறது?”

“அந்தப் பொண்ணுக்கு வாயெடுக்கச் சுலபமா இருக்கும்.”

டம்ளரைக் கீழே வைத்தான். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, அந்தக் கைடின் பெயர் என்னவென்று யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை. வீட்டுக்குப் போய் யாரிடமாவது கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். இன்னும் சொல்லவில்லை.